மதினிக்கு அடுத்த இடம்

உங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களா? ஆசைக்கு வாங்கிய டம்ளரைச் சொல்லவில்லை. மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாமல், குழாயடியில் ஒதுக்கிக் கவிழ்த்து வைக்கிற டம்ளரைக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஒன்று இருந்தது. அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. என் மதினி விக்டோரியா வாழ்நாளில் நகத்துக்குச் சாயம் பூசியவர் இல்லை. பக்கத்து வீட்டு ஜெஸியிடம் இரவல் வாங்கி வந்து அந்தப் புள்ளியை வைத்தார்.

மதினி, என் வீட்டுக்காரர் மெர்வினுக்கு அக்கா. மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெர்வின் மஸ்கட்டில், மகன் ஜெய்சன் ஓசூரில். வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் நானும் மதினியும்தான். நான் குன்னூர்க்காரி. அங்கே இப்போது எனக்கு யாரும் இல்லை. எனக்கு மனுஷர் என்றால் மதினியும் எங்கள் சபையும்தான்.

சபையில் எனக்கு ஒரு இடம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. குடும்பம் குடும்பமாக எழுந்துபோய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் வரிசையாக முழங்கால்படியிடுவோம். பாஸ்டர் அப்பம் கொடுத்துவிட்டு, ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம் கொண்டு வருவார். ஒருவர் ஒரு மிடறு குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். மூன்றாம் பெஞ்சிலிருந்து மதினி முன்னால் போவார், நான் பின்னால். மதினி குடித்த பாத்திரத்தில் அடுத்து நான். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து அதுதான் என் இடம். அதை விட்டுவிட்டுக் கடைசியில் வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த ரத்ததான முகாமில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் முதலில் படுத்தால் பிள்ளைகள் பயப்படாமல் வருவார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்கள். படுத்தேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன். "மேடம், ஒரு விஷயம், நேர்ல வர முடியுமா?" போனேன். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னொரு முறை ரத்தம் எடுத்து, கிருமி உள்ளே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். இருந்தது.

டாக்டர் சாருலதா சின்ன வயசுதான். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மஞ்சக்காமாலையா டாக்டர்?"

"இல்லம்மா. இது ஹெபடைட்டிஸ் சி. கல்லீரல்ல போய் உக்காந்துக்கிற வைரஸ். இருபது முப்பது வருஷம் கூட சத்தமே காட்டாது. காட்டும்போது சிலருக்கு ஈரல் சுருங்கிப் போயிருக்கும். புத்துநோய் வரைக்கும் போறதும் உண்டு. உங்களுக்கு ஈரல் இன்னும் நல்லா இருக்கு. நேரத்தோட மாட்டிக்கிச்சு."

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே. லேசா அசதி. அது பிளஸ் டூ பேப்பர் திருத்துனா யாருக்கும் வர்றதுதான்."

டாக்டர் சிரித்தார். "எப்பயாச்சும் ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"மகன் பொறந்தப்ப. தொண்ணூத்தெட்டுல. ரெண்டு பாட்டிலு."

"அப்பல்லாம் ஏத்துற ரத்தத்துல எல்லா எடத்துலயும் இதப் பாக்க மாட்டாங்க. ஊசி கீசி போட்டிருக்கீங்களா வெளில?"

போட்டிருக்கிறேன். வண்டியூரில் எங்கள் தெருவில் அப்போது ஒரு கம்பவுண்டர் இருந்தார். நாங்கள் டாக்டர் என்றே கூப்பிடுவோம். எவர்சில்வர் டப்பாவில் வெந்நீர், அதில் ஒரு கண்ணாடி ஊசி. அலசி அலசித் தெருவுக்கே குத்துவார். காய்ச்சல் என்றால் குத்து, தலைவலி என்றாலும் குத்து. டாக்டரிடம் சொன்னேன்.

"ரெண்டுல எதுன்னு இனிச் சொல்ல முடியாதும்மா. தேடிக்கிட்டும் இருக்காதீங்க. ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குத்தான் போகும். சேந்து சாப்பிட்டா வராது. ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. தொட்டா, தும்முனா, கட்டிப்பிடிச்சா வராது. ரேசர், நகவெட்டி, பல் பிரஷ், இதுகளை மட்டும் தனியா வச்சுக்கங்க. வெட்டுக்காயம் பட்டா மூடி வைங்க. ரத்ததானம் இனி வேணாம். மாத்திரை தாரேன். மூணு மாசம், தினமும். ஒரு நாள் விடக்கூடாது. முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல சுத்தமாப் போயிருது."

"எம்புட்டு ஆகும் டாக்டர்?"

"ஒண்ணும் ஆகாது. கவர்மென்ட் குடுக்குது. ஒண்ணே ஒண்ணு, வேற மருந்து எதையும் என்னைக் கேக்காம இதோட சேக்காதீங்க. நாட்டு மருந்தும்தான். அப்பறம், வீட்டுல இருக்குறவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அந்த ஊசிக்காரர்கிட்ட போனவங்க யாரா இருந்தாலும் எடுத்துக்கிட்டா நல்லது."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மதினியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் பார்த்தால் அடுப்படியில் அம்மியில் கீழாநெல்லி.

"என்ன மதினி இது?"

"ஈரல் நோய்க்கு இதத்தான் குடுப்பாக. மோருல கலக்கிக் குடி. உப்பு புளி விட்டுரு."

"எனக்கு வந்தது காமாலை இல்ல மதினி. மாத்திரையோட இதெல்லாம் சேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"சபைப் பொம்பளைக சங்கத்துல கேட்டாக. எஸ்தர் டீச்சருக்கு ஈரல் நோயாமே, அது குடிக்கிற ஆளுகளுக்குத்தான வரும்னு. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"கணக்கு டீச்சருக்குச் சம்பளமே பத்தல, இதுல குடிக்க எங்க போறதுன்னு சொல்லுங்க."

மதினி சிரிக்கவில்லை. அரைத்ததை வழித்துக் கொல்லை வாழைத்தூரில் போட்டார். அன்று சாயங்காலம்தான் சிவப்புப் புள்ளி வந்தது. தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு காயப் போடும் கொடி தனி. ஆனால் சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டி மட்டும் ஒன்றேதான். சனிக்கிழமை மதினி அதைக் கையில் எடுத்தபோது நான் பிடுங்கினேன்.

"இதத்தான் மதினி தனியா வச்சுக்கணும். டம்ளர இல்ல."

"ஊர் ஒலகமே டம்ளரப் பாத்துப் பயப்படுது. இவ நகவெட்டியப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா."

கடைக்குப் போய் எனக்கு ஒரு நகவெட்டி வாங்கி வந்தேன். டம்ளரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. வீட்டில் விட்டுக்கொடுத்தால் என்னோடு போகும் என்று நினைத்தேன். மெர்வினும் மஸ்கட்டில் டெஸ்ட் எடுத்தார், ஜெய்சன் ஓசூரில். இரண்டு பேருக்கும் இல்லை. மதினி மட்டும் வர மறுத்தார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். போனில் மெர்வினிடம் சொன்னால், "அக்காவப் பத்தித் தெரியும்ல, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பார். அந்த அனுசரிப்பில்தான் மாத்திரையின் முதல் மாதம் முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் சபைச் செயலர் ஞானமுத்து அண்ணன் வந்தார். கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவர். எந்த விஷயத்தையும் ஃபைல் மாதிரி மெதுவாகத்தான் திறப்பார். மதினி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் டம்ளரைக் கொஞ்சம் உயர்த்தி, அடியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே குடித்தார். அந்தப் புள்ளி வீட்டுக்கு வெளியிலும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"டீச்சர், ஒண்ணும் தப்பா எடுத்துக்கிறாதீங்க. கமிட்டில பேசுனோம். உங்க மேல எல்லாருக்கும் மரியாதை. அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"சொல்லுங்கண்ணே."

"வர்ற ஞாயித்துக்கெழமை திருவிருந்துக்கு நீங்க கடைசில வந்தா நல்லா இருக்கும். எல்லாரும் எடுத்து முடிஞ்ச பெறகு. பாத்திரம் உங்களோட முடிஞ்சிரும். யாருக்கும் சங்கடம் இல்ல."

"என்னோட முடியாதுண்ணே."

"ஏன்?"

"மிச்சம் இருக்குற ரசத்த யாரு குடிப்பா? பீடத்துல திரும்பி நின்னு, துளி மிச்சம் வைக்காம, தண்ணி ஊத்தி அலசி அதையும் குடிக்கிறது பாஸ்டர் ஐயாதான? சபையாருக்கு வரக்கூடாது, பாஸ்டருக்கு வந்தாப் பரவாயில்லையா?"

அண்ணன் காப்பியைக் கீழே வைத்தார். நெற்றியைத் தடவினார்.

"அத நாங்க யோசிக்கல."

"யோசிக்க வேண்டியதும் இல்ல. பாத்திரத்துல இது பரவாது. டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். வேணும்னா நீங்களே வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"சரி, அப்ப உங்களுக்கு மட்டும் சின்னதா ஒரு தனி கப்பு..."

"மாட்டேண்ணே. இந்த வீட்டுல தனி டம்ளருல குடிச்சிட்டேன். அங்க மாட்டேன்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மேல கோவப்பட்டு என்ன டீச்சர் செய்ய? சொன்னதே உங்க வீட்டுல இருந்துதான். விக்டோரியா அக்காதான் நேர்ல வந்து, எஸ்தர எங்கூட முட்டி போட விடாதீங்கன்னு சொன்னாங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் போன பிறகும் அது கேட்கவில்லை. நானும் உள்ளே போகவில்லை. இருபத்தேழு வருஷம் ஒரே அடுப்படியில் நின்ற மனுஷி ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர், இதுல பயப்பட ஒண்ணும் இல்லன்னு. ஆனா ஜனங்க இருக்காங்கள்ல. நாலு குடும்பம் கிராதிக்கே வராம உக்காந்துட்டா?"

"உக்காந்தா உக்காரட்டும் ஐயா. நான் என் எடத்துலதான் முட்டி போடுவேன். என் முன்னால பாத்திரத்தக் கொண்டு வாரதும் வராம அடுத்த ஆளுக்குப் போறதும் உங்க பாடு. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

பாஸ்டர் என்னோடு வாசல்வரை வந்தார். பிறகு, "பாத்திரத்தத் தள்ளிப் பிடிக்க எனக்கு யாரும் அதிகாரம் குடுக்கல. வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பெஞ்சில் வழக்கம்போல மதினி ஓரத்தில், நான் பக்கத்தில், எனக்கு அடுத்து ஜெஸி. எங்கள் முறை வந்தது. நான் எழுந்து நின்றேன். மதினி முன்னால் போக வேண்டும். அவர் எழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காலை மடக்கி எனக்கு வழி விட்டார். என் காது இரண்டும் சுட்டது. பின்னால் முழுச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்தால் அடுத்த மாதம் எழுந்திருக்கவே மாட்டேன் என்று தெரிந்தது. நடந்தேன். மதினியின் இடத்தைக் காலியாக விட்டு, என் இடத்தில் முழங்கால்படியிட்டேன்.

பாத்திரம் வந்தது. குடித்தேன். பாஸ்டர் விளிம்பைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு எப்படித் துடைத்தாரோ அப்படித்தான். கூட ஒரு தரம் அழுத்தவில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி ஜெஸியிடம் கொண்டு போனார். ஜெஸி குடித்தாள். அவளுக்கு அடுத்தது ஞானமுத்து அண்ணன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மடக்கில் விழுங்கினார். ஆனாலும் குடித்தார்.

வெளியே வந்ததும் ஜெஸி என் தோளைத் தட்டினாள். "அக்கா, அண்ணன் மொகத்தப் பாத்தீங்களா? வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. எனக்கு அங்கயே சிரிப்பு வந்திருச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சபை என்னைத் தள்ளவில்லை. வீடு தள்ளிவிட்டது.

வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாற்றாமல் மதினியின் முன்னால் போய் நின்றேன். மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மதினி, எம் பக்கத்துல முட்டி போட அம்புட்டு அருவருப்பா? ஊர்க்காரங்களுக்குக் கூட இல்ல. உங்களுக்கு இருக்கா?"

மதினி முக்காட்டை எடுத்து மடித்துத் தலையணைமேல் வைத்தார்.

"தட்டத் தனியா வச்சீங்க, பேசாம இருந்தேன். கொடிய மாத்துனீங்க, பேசாம இருந்தேன். கமிட்டி வரைக்கும் போய் என்னையத் தள்ளச் சொல்லிருக்கீங்க. இத்தன வருஷத்துல நான் உங்கள ஒரு வார்த்த எதுத்துப் பேசிருக்கனா?"

"கத்தாதடி."

"கத்துவேன். இன்னைக்குச் சொல்லுங்க. என்னதான் செஞ்சேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் செய்யல." மதினி இடது கையைத் தடவினார். "உனக்கு அந்தக் கம்பவுண்டர் எத்தன ஊசி போட்டிருப்பான்?"

"எதுக்கு இப்ப? நாலஞ்சு இருக்கும்."

"நீ இந்த வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடி, எனக்குப் பதினெட்டு வயசுலருந்து இளைப்பு. மூச்சு வாங்குனா அவங்கிட்டதான் ஓடுவேன். மாசத்துக்கு ரெண்டு ஊசி. உனக்கு அவனால வந்திருந்தா எனக்கு வராமலா இருக்கும்? யோசிச்சுப் பாரு. இருபத்தேழு வருஷமா உனக்கு முன்னால அந்தப் பாத்திரத்துல வாய வச்சது யாரு?"

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் குடிச்சிட்டுத் தந்தத நீ குடிச்ச. நாந்தாண்டி உனக்குக் குடுத்திருக்கேன். அதான் உன்னைய எனக்குப் பின்னால விடாதீங்கன்னு ஞானமுத்துகிட்டப் போய்ச் சொன்னேன். நீ கேக்கல. அதான் நானே எந்திரிக்கல."

"அப்ப அந்த டம்ளரு?"

"மொத வாரம் எனக்குத்தான் பயம். பொய் சொல்ல மாட்டேன். உங்கிட்டருந்து ஒட்டிக்குமோன்னுதான் பொட்டு வச்சேன். அப்பறம் படுத்தா இதே யோசனை. உன் டம்ளர்ல என் வாயி மறந்தும் பட்டுறக் கூடாதுன்னு ஆயிருச்சு."

கோபம் அப்படியே நின்றுவிட்டது. போகவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. நான் டாக்டரின் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னபோது மதினி எல்லாவற்றையும் கேட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஊசிக்காரரைச் சொன்னதோடு அவர் காது அடைத்துப் போயிருக்கிறது.

"வாய் வழியா வராது மதினி. பாத்திரத்துல வராது."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு அந்த டாக்டர் பிள்ள அப்படிச் சொல்லிருக்கும்."

"எம் மனசப் பாக்கவா அவங்க அங்க உக்காந்திருக்காங்க? இன்னைக்கு எனக்குப் பின்னால ஜெஸி குடிச்சா. கைப்பிள்ளக்காரி. அவளுக்கு வந்துரும்னு எனக்குத் துளி சந்தேகம் இருந்தா அவளக் குடிக்க விட்டிருப்பேனா?"

மதினி என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு மாதத்தில் அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"விட்டிருக்க மாட்ட."

"அப்பறம்? எனக்கு நீங்க குடுக்கல. உங்களுக்கு நான் குடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்கு இருக்கா இல்லையான்னு பாக்கணும். மாசத்துக்கு ரெண்டு ஊசின்னு இம்புட்டு நாளா சொல்லலையே! நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரி."

"நாளைக்குத் திங்கக்கெழம. உனக்கு ஸ்கூல் இருக்கு."

அவர் பார்க்கவே போனை எடுத்து ஹெட்மிஸ்ட்ரஸுக்கு லீவு என்று மெசேஜ் போட்டேன்.

"கெறிஸ்துமஸ் முடியட்டும் எஸ்தரு. அதுக்குப் பெறகு பாக்கலாம்."

"ஈரலு கெறிஸ்துமஸ் பாத்துக்கிட்டு இருக்குமா?"

"ஆமான்னு வந்துட்டா?"

"வந்துட்டா எம்புட்டு இருக்குன்னு பாப்பாங்க. அப்பறம் மாத்திரை. நான் திங்கிற மாத்திரைதான். சேந்து உக்காந்து திம்போம்."

"எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சுடி."

"உங்களவிட மூத்தவங்க கைத்தடியோட அங்க வரிசைல நிக்கிறாங்க."

"இல்லன்னு வந்துட்டா?"

"இல்லன்னா நான் மட்டும் திங்கிறேன். நீங்க கறிக்கொழம்பு வைங்க. என்ன, ஊசின்னா பயமா?"

"மாசம் ரெண்டு ஊசி குத்துனவளுக்கு என்னடி பயம்?" மதினிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊசிக்கெல்லாம் பயம் இல்ல. அந்தக் காகிதத்துல என்ன எழுதி வருமோன்னுதான்."

"என்ன எழுதி வந்தாலும் படிக்கிறது நான்தான். நீங்க பேசாம பக்கத்துல நில்லுங்க."

மதினி எழுந்துபோய், கைக்கு வந்த இரண்டு தட்டில் சோறு போட்டார். சாப்பிடும்போது, ஆட்டோக்காரனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். ஆதார் அட்டை வேண்டுமா என்று கேட்டார். எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். "எல்லாம் செஞ்சு வச்சுட்டுத்தான் எங்கிட்டச் சண்டைக்கு வந்தியா?" என்றார்.

"இல்ல மதினி. சண்டை போட்டுக்கிட்டே செஞ்சேன்."

மறுநாள் காலை நானும் மதினியும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நின்று சீட்டு வாங்கினோம். மதினி இடது கையை நீட்டினார். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். காகிதம் வந்ததும் இவதான் படிப்பா என்று மதினியே நர்ஸிடம் சொன்னார்.